ஒன்பதாம் எண் தோட்டத்து மண்

1

இந்தக் கதை ஒரு தட்டில் தொடங்கியது. வெள்ளைப் பீங்கான் தட்டு, அதில் உருக்கிய வெண்ணெய், வெண்ணெய்க்குள் பழுப்பும் இளஞ்சிவப்புமாக ஏழெட்டுத் தண்டுகள். நானும் தின்றேன். தின்றது என்னவென்று பிறகுதான் தெரிந்தது. அந்த அதிர்ச்சி வயிற்றில் கிளம்பி, கழுத்தைத் தாண்டி, இப்போது விரலுக்கு வந்திருக்கிறது. விருந்து கொடுத்தவரிடம் நேரில் புகார் சொல்லத் துணிவில்லாதவர்கள் கதை எழுதுகிறார்கள்.

எப்படித் தொடங்குவது என்பதில்தான் தகராறு.

"முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு பூகூடப் பூக்காத பூமியில், பனைமர உயரத்துக்கு நின்ற அந்தக்"

(நிறுத்திவிட்டேன். அங்கிருந்து கிளம்பினால் எங்கள் தலைவர் பிறப்பதற்குள் நீங்கள் வேறு புத்தகம் எடுத்துவிடுவீர்கள்.)

"ஸோல்வாய் ஓர் ஏழைக் கைம்பெண். அவளுக்கென்று இருந்ததெல்லாம் அந்தச் சின்னஞ்சிறு"

(பொய். அவள் கணவன் ஸ்பெயினில் வேறொருத்தியோடு சௌக்கியமாக இருக்கிறான். அவளும் அதைச் சௌக்கியமாகவே சொல்கிறாள். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள், ஏழையும் இல்லை. இந்த வரியைப் பார்த்தால் மண்வெட்டியோடு வருவாள். வருவதற்கு வெகுதூரமில்லை: அவள் தோட்டம் ஒன்பது, என்னுடையது பத்து, நடுவில் ஒரு செடிவேலி.)

"தோர்கில் வெஸ்டர்கோர் காலையில் கொடியேற்றினார்."

இது இருக்கட்டும். கொடியில் தொடங்குகிற கதை எங்கே போகும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

2

தோர்கில் வெஸ்டர்கோர் காலையில் கொடியேற்றினார். சிவப்பில் வெள்ளைச் சிலுவை. யூலாந்துத் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில், எங்கள் நல்லிணக்கத் தோட்டச் சங்கத்தில் அறுபத்திரண்டு குத்தகைத் தோட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மரக்குடில், ஒரு கொடிக்கம்பம். தோர்கிலின் கம்பம் மற்றவற்றைவிட ஒரு முழம் உயரம். கம்பத்துக்கு உச்சவரம்பு இல்லை என்று விதிப்புத்தகத்தில் கண்டுபிடித்தவர் அவர். தன் கம்பத்தை நட்டு முடித்த மறுநாள் உச்சவரம்பைக் கொண்டுவந்தவரும் அவர்.

நகராட்சியில் தெருவிளக்குப் பிரிவின் துணைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். நகரத்து மூன்றாம் மாடியில் அவர் பெயர் அழைப்புமணிக்குப் பக்கத்தில் மட்டும் இருக்கிறது. வசந்தம் தொடங்கி இலையுதிர்காலம் வரை இங்கே அவர் தலைவர். 'துணை' என்ற ஒட்டு இல்லாத தலைவர். தோட்டம் போனால் கம்பம் போகும், கம்பம் போனால் தலைவர் போவார், மிஞ்சுவது மூன்றாம் மாடி. இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

(முதல் பிரதியில் அவருக்குத் தொந்தியும் மீசையும் கொடுத்திருந்தேன். இரண்டையும் எடுத்துவிட்டேன். மெலிந்த, சுத்தமாக மழித்த மனிதர். கேலிச் சித்திரமாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம்.)

இன்னொன்று. அவரை "அவர்" என்றும் ஸோல்வாயை "அவள்" என்றும் எழுதுகிறேன். இங்கே பேச்சில் அந்த வித்தியாசம் கிடையாது. அமைச்சரும் நீ, ஆட்டுக்குட்டியும் நீ. தமிழில் எழுதப்படுவதால் தோர்கிலுக்குக் கிடைத்த ஒரே லாபம் இது.

ஜூன் மாத முதல் ஞாயிறு ஆய்வு நாள். தோர்கில் அளவுகோலோடு முன்னே நடக்க, செயலாளர் எபே பின்னே நடப்பான். வேலிக்கு மேல் என் தலை தெரியக் கூடாது என்று விதி இருக்கிறது. காதுக்கு விதி இல்லை.

"ஸோல்வாய், இது என்ன?"

"பச்சையா இருக்கு, தலைவரே. தோட்டத்துல பச்சையா ஏதாவது இருந்தா தப்பா?"

"இது குதிரைவால்."*

"தெரியுதே. எனக்கு முன்னாடியே இங்க குடிவந்தது. நான்தான் அதுகிட்ட அனுமதி கேட்கணும்."

"அடுத்தவங்க தோட்டத்துக்குப் பரவும்."

"இத்தனை வருஷமாப் பரவலையே. பக்கத்துத் தோட்டத்துக்காரன் எழுதறவன், அவன் தோட்டத்துல எதுவுமே வளராது." (நான் கேட்டேன். கேட்டதை மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.)

பிறகு அவள் ஒரு தண்டைப் பறித்தாள். கணுக்கணுவாக ஏறி, கணுவுக்குக் கணு மெல்லிய பச்சைக் குச்சிகள் வட்டமாகப் பிரிந்து, புட்டி கழுவும் பிரஷ் மாதிரி இருந்தது. இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் விளையாடியிருக்கும் விளையாட்டு: ஏதோ ஒரு கணுவில் தண்டைச் சத்தமில்லாமல் கழற்றி, மறுபடி அதே கணுவின் குழியில் செருகி நீட்டுவது.

"எங்க உடைஞ்சிருக்கு, சொல்லு."

"நான் ஆய்வுக்கு வந்திருக்கேன். விளையாட வரல."

ஆனால் அவர் விரல் அவரைக் கேட்காமல் நீண்டது. "இங்க."

"தப்பு." அவள் அதற்கு மேல் கணுவை இழுத்தாள். கையோடு வந்தது.

எபே சிரித்துவிட்டு அதை இருமலாக மாற்றினான். முப்பத்தெட்டு வருடம் நகரத்தில் எந்த விளக்கு எங்கே அறுந்தது என்று மேசையில் உட்கார்ந்தபடியே சொன்ன மனிதர், ஒரு களையின் முன்னால் தோற்றார். கதை இங்கேதான் உடைகிறது என்று நினைக்கிறேன். (இல்லை. நானும் தப்பான கணுவைக் காட்டியிருக்கலாம்.)

* நம் ஊர்க் குதிரைவாலி அரிசி இல்லை. அதைப் பொங்கலாம். இது உங்களைப் பொங்க வைக்கும்.

3

கட்டுரைப் பகுதி. அவசரக்காரர்கள் தாண்டலாம். தாண்டினால் தட்டில் இருந்தது என்னவென்று புரியாது.

மறுவாரம் தோர்கில் நகர நூலகத்தில் உட்கார்ந்து படித்தார். படிக்கப் படிக்க முகம் வெளுத்தது என்று எபே சொல்கிறான். எனக்கும் வெளுத்தது, நான் அதே புத்தகத்தைப் பின்னால் படித்தேன்.

பூ இல்லை. விதை இல்லை. இலை என்று சொல்லும்படியும் ஒன்றுமில்லை. கணுவைச் சுற்றிப் பல்வைத்த ஒரு சிறு உறை, அவ்வளவுதான் இலையின் மிச்சம். தண்டே பச்சையாக நின்று வெயிலைச் சமைத்துச் சாப்பிடுகிறது. உள்ளே வெற்றிடம், தோலில் மணற்சத்து. அந்தக் காலத்தில் வெள்ளீயப் பாத்திரங்களை இதை வைத்துத்தான் தேய்த்தார்கள். களைக்கொல்லி தெளித்தால் மழைக்கோட்டில் விழுந்த தூறலாக வழிந்துவிடுகிறது. வளர்வதற்கு நுனியை மட்டும் நம்பி இருப்பதில்லை; ஒவ்வொரு கணுவின் அடியிலும் நீள்கிறது. கணுக்களை முன்கூட்டியே அடுக்கித் தயாராக வைத்துக்கொண்டு, பருவம் வந்ததும் மாலுமியின் தூரக்கண்ணாடியை இழுப்பதுபோல் ஒரே இழுப்பாக இழுத்துவிடுகிறது.

இது மேலே. கீழே கறுத்த, மயிர் படர்ந்த கிடைத்தண்டு, ஆள் ஆழத்தையும் தாண்டிப் போகும். பசிக்காலத்துக்கு அங்கங்கே சிறு கிழங்குகள். ஒரு கணு மிஞ்சினால் போதும், அது தனிச் செடி. அறுத்தால் சாவதில்லை, பெருகும்.

இதன் மூதாதைகள் மரங்களாக நின்ற காடுகள் புதைந்துதான் நிலக்கரியின் ஒரு பங்கு ஆயிற்று. பெரிய பல்லிகள் வந்தன, போயின. இது உயரத்தைக் குறைத்துக்கொண்டு ஒன்பதாம் எண் தோட்டத்தில் நின்றது. இதைத்தான் தோர்கில் அடுத்த நடுவேனிலுக்குள் காலிசெய்யச் சொல்லவிருந்தார்.

அடுத்த பக்கத்தில் ஒரு படம் இருந்தது. நூலகம் மூடும் நேரமாகிவிட்டதால் அவர் புரட்டவில்லை.

4

ஆகஸ்டில் சிறப்புப் பொதுக்குழு. காப்பி, இலவங்கப்பட்டை ரொட்டி, மேடையில் தோர்கில். அவர் கொண்டுவந்த விதி இது: எந்தத் தோட்டத்தில் குதிரைவால் காணப்படுகிறதோ அந்த உறுப்பினருக்கு அன்று முதல், அது ஒழியும்வரை, வாக்குரிமை கிடையாது, அடுத்த ஜூனில் ஊர் கூடி மூட்டும் நடுவேனில் நெருப்பு நாளுக்குள் அது ஒழியாவிட்டால் தோட்டம் கைமாறும். கைமாற ஆள் இருந்தது. காத்திருப்போர் வரிசை பத்து வருடம் நீளம்; ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் குடுவையில் காப்பியோடு வெளிப்பாதையில் நடந்து, எங்கள் தக்காளிகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள்.

வாக்கெடுப்புக்கு முன் ஸோல்வாய் கேட்டாள்: "நாளைக்கு உன் தோட்டத்துலயே வந்தா?"

"ஒழுங்காப் பராமரிக்கிற தோட்டத்துல அது வராது," என்றார் தோர்கில். கைதட்டல்.

பிறகு அவளை வெளியே அனுப்பினார்கள். முடிவால் லாபமோ நட்டமோ அடையக்கூடியவர் வாக்கெடுப்பின்போது அறையில் இருக்கக் கூடாது. எங்கள் சங்கத்தின் மிகப் பழைய விதி, நாங்கள் எல்லாரும் பெருமைப்படும் விதி. அவள் ஜன்னலுக்கு வெளியே நின்று புகைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே விதி ஒருமனதாக நிறைவேறியது.

அவளுக்கு ஒரு வழி விட்டார்கள்: மண்ணையே ஆள் ஆழத்துக்கு எடுத்துவிடுவது. செப்டம்பரில் இயந்திரம் வந்தது. இங்கேதான், வாசகரே, எங்களை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நாங்கள் கெட்டவர்கள் இல்லை. வெளியே வந்த மண் கறுப்பாக, கேக் மாதிரி உதிர்ந்தது. எபே அதைக் கையில் அள்ளி முகர்ந்தான்.

"இதையா குப்பைக்கு அனுப்பப் போறோம்? பாவம் பிடிக்கும்."

"அப்போ யாருக்குக் குடுக்கறது?"

"எல்லாருக்கும். சமமா."

சமமா என்ற சொல் எங்கள் நடுவே விழுந்தால் அதற்குப் பிறகு யாரும் யோசிப்பதில்லை. பங்கீட்டுக் குழு அமைத்தோம். பெரிய தோட்டத்துக்கும் சின்னத் தோட்டத்துக்கும் ஒரே அளவா என்று இரண்டு கூட்டம் போட்டோம். கடைசியில் தோட்டத்துக்கு மூன்று தள்ளுவண்டி என்று முடிவாயிற்று. தோர்கில் புத்தகம் படித்தவர் அல்லவா, ஆபத்தை அறிந்திருந்தார். "சலிக்கணும்," என்றார். "மெல்லிய கண்ணுள்ள சல்லடை. ஒரு வேர் தப்பக் கூடாது."

சல்லடை வந்தது. கிடைத்தண்டுகளை அதன்மேல் போட்டு மண்வெட்டியால் தேய்த்தோம். அவை கணுக்கணுவாக உடைந்து, சல்லடைக் கண்ணுக்கு அளவெடுத்த மாதிரி, சமமாக விழுந்தன.

தலைவர் முதல் மூன்று வண்டியைச் சல்லடை வருவதற்கு முன்பே, பரிசோதனைக்காக, தன் தோட்டத்துக்கு எடுத்துக்கொண்டுவிட்டார். நானும் என் மூன்றை வாங்கினேன்.

ஸோல்வாய்க்கு ஒரு குழி மிஞ்சியது. நிரப்ப மணல் அடுத்த ஆண்டுத் திட்டத்தில் இருந்தது. "என் மண்ண எனக்கே பரிசாக் குடுத்துடாதீங்க, அது போதும்," என்றாள். மழை பெய்து குழியில் நீர் கட்டியது. தவளைகள் வந்தன.

அக்டோபரில் பன்றியிறைச்சியும் வாட்டிய ஆப்பிளும் வைத்து ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டோம். அந்த நேரம், எங்கள் நாற்காலிகளுக்குக் கீழே, உடையாமல் தப்பிய பெரிய துண்டுகளில், வசந்தத்துக்கான தலைகள் ஏற்கெனவே தயாராக இருந்தன. இந்தச் செடி அப்படித்தான். அதிர்ச்சியை முந்தின இலையுதிர்காலத்திலேயே செய்து வைத்துவிடுகிறது.

5

தட்டு.

தோர்கிலிடம் ஒரு தண்ணீர்விட்டான் பாத்தி இருந்தது. முளையைத் தின்பார்களே, ஆஸ்பராகஸ் என்ற விலைகூடிய அந்தச் சாதி. நட்டு மூன்று வருடம் முளையைத் தொடக் கூடாது. மூன்று வருடம் அவர் தொடவில்லை. பரிசோதனை மண்ணை அந்தப் பாத்தியில்தான் போட்டிருந்தார். ஏப்ரலில் ஒரு நாள் காலை பாத்தி முழுக்கத் தலைகள்: பழுப்பும் இளஞ்சிவப்புமாகச் சதைப்பற்றுள்ள தண்டு, உச்சியில் செதில் அடுக்கிய மொட்டு. அவர் கண் கலங்கியதாக எபே சொல்கிறான். இதில் நான் கேலி செய்ய மாட்டேன். மூன்று வருடம் காத்திருந்தவர் கண்ணுக்கு எது முளைத்தாலும் தான் நட்டதுதான்.

விருந்து. எபே, நான், சமாதானத்துக்காக ஸோல்வாய். தோர்கில் எழுந்து பேசினார்: பொறுமை, பராமரிப்பு, நல்லிணக்கம்.

ஸோல்வாய் தட்டைப் பார்த்தாள். தோர்கிலைப் பார்த்தாள்.

"எனக்கு வேண்டாம். வயிறு சரியில்ல."

"முதல் அறுவடை, ஸோல்வாய்!"

"அதான். நீங்க சாப்பிடுங்க. நான் பார்க்கறேன்."

நாங்கள் சாப்பிட்டோம். நார் நாராக வந்தது. லேசான கசப்பு. எபே, "மண்வாசம் வருது," என்றான் மரியாதையாக. மொட்டைக் கடித்தபோது என் உதட்டில் பச்சைத் தூள் ஒட்டியது.

(அந்தத் தூளைப் பின்னாளில் இரவல் வாங்கிய நுண்ணோக்கியில் பார்த்தேன். ஒவ்வொரு துகளுக்கும் நான்கு கைகள். மூச்சு விட்டால் கைகளைச் சுருட்டிக்கொள்கிறது. காய்ந்தால் விரித்து உதறித் துள்ளுகிறது. அந்தக் கண்ணாடிக்குக் கீழே ஒரு கூட்டமே நடந்துகொண்டிருந்தது. நான் நுண்ணோக்கியை விட்டு எழுந்து போய் வாய் கொப்பளித்தேன்.)

"மண்ணு எப்படி, தலைவரே?" என்றாள் ஸோல்வாய், காப்பியைக் கலக்கியபடி.

"அருமை. அதுவும் சலிக்காத மண்ணு."

"அப்ப இன்னும் வரும்."

புரட்டாமல் விட்ட அந்தப் பக்கத்தின் படம் இதுதான். குதிரைவாலுக்கு இரண்டு முகம். முதலில் பச்சையே இல்லாத பழுப்புத் தலை வரும். வித்துத் தூளைக் கொட்டிவிட்டுச் சில வாரத்தில் வாடிப்போகும். அதன் பிறகுதான் நாம் அறிந்த பச்சைப் பிரஷ். ஒரே செடி. இரண்டையும் ஒன்றாகப் பார்த்தவர்கள் குறைவு. ஸோல்வாய் வருடா வருடம் பார்த்தவள்.

பின்னால் தோர்கில் அவளிடம் கேட்டார்: "தெரிஞ்சேதான் பார்த்துக்கிட்டு இருந்தியா?"

"விருந்துக்கு வந்த இடத்துல குறை சொல்லலாமா?"

6

மே மாதத்தில் ஒரு நாள் தோர்கில் கொடியேற்றினார். கொடி பாதி ஏறியபோது கயிற்றைப் பிடித்தபடியே குனிந்தார். கம்பத்தைச் சுற்றிய சரளைக் கல்லுக்குள்ளிருந்து பச்சைப் பிரஷ்கள் வட்டமாக எழுந்து நின்றன.

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கயிறு கையிலிருந்து நழுவியது. கொடி பாதியில் நின்றது. பாத்திக்கு ஓடினார். தண்ணீர்விட்டானைக் காணோம்; காடு. அவர் தின்றது, எங்களுக்கு ஊட்டியது, பேசிய பேச்சு, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்தன. புல்லில் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அந்தப் பக்கமாக வந்த இரண்டு பேர், பாதிக் கம்பத்துக் கொடியைப் பார்த்துவிட்டு, யார் செத்தது என்று தாழ்ந்த குரலில் கேட்டுவிட்டுப் போனார்கள்.

முதலில் மூட வேண்டும் என்று தோன்றியது அவருக்கு. வாளியைக் கவிழ்த்தார். போதவில்லை. துணி போட்டார். போதவில்லை. பிறகு, தான் ஒருவர் மட்டும்தானா என்று அறிய, அளவுகோலை எடுத்துக்கொண்டு வழக்கமான ஆய்வுபோல் நடந்தார்.

எல்லாத் தோட்டத்திலும் வாளிகள் கவிழ்ந்திருந்தன. எபேயின் தோட்டத்தில் வெயில்குடை ஒன்று தரையோடு தரையாக விரிந்து கிடந்தது. இன்னொன்றில் குழந்தைகளின் ரப்பர்க் குளம் குப்புறக் கிடந்தது. அந்த வீட்டில் குழந்தைகள் கிடையாது. என் தோட்டத்தில் கையெழுத்துப் பிரதிகளை வைத்து மூடியிருந்தேன். (அவை பயன்பட்ட ஒரே சந்தர்ப்பம்.)

"எபே, குடைக்கு அடியில என்ன?"

"நிழல்."

"எபே."

"உன் வாளிக்கு அடியில இருக்கறதுதான், தோர்கில்."

வெளிப்பாதையில் காத்திருப்போர் குடுவைகளோடு நின்றிருந்தார்கள். அவர்கள் வாளிகளைப் பார்க்கவில்லை. குடில்களைப் பார்த்து, எந்த நிறம் அடிக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலை அவசரக் குழு. விதியை மாற்றினால் தீர்ந்தது என்றேன் நான். எபே விதிப்புத்தகத்தைப் புரட்டினான்.

"மாத்தலாம். பொதுக்குழுவுல, வாக்குரிமை உள்ளவங்க ஓட்டுப் போட்டா."

"போடுவோம்."

"யாருக்கு இருக்கு?"

எல்லாரும் அவரவர் நகத்தைப் பார்த்தோம். பராமரிக்கப்பட்ட தோட்டங்கள் அறுபத்தொன்றிலும் குதிரைவால். ஒன்றில் மட்டும் இல்லை. அதில் மண்ணே இல்லை.

"ஒன்பதுக்கு," என்றான் எபே. ஜன்னலுக்கு வெளியே தவளைகள் கத்திக்கொண்டிருந்தன.

7

இங்கே கதை தானாக முடிந்துவிடப் பார்த்தது. இரண்டு முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவு: ஸோல்வாய் எழுந்து, புன்னகையோடு கை தூக்கி, எல்லாரையும் காப்பாற்றுகிறாள். நடுவேனில் நெருப்பைச் சுற்றி அனைவரும் பாட, தோர்கில் கண்ணீருடன் அவள் கைகளைப்

(மன்னிக்கவும். இதைவிட அந்தத் தட்டே மேல்.)

இரண்டாம் முடிவு: ஸோல்வாய் மாட்டேன் என்கிறாள். அறுபத்தொரு குடும்பங்கள் சாமானைத் தூக்கிக்கொண்டு வெளியேற, ஜன்னலோரம் நின்று புகைத்தபடி அவள்

(இதைப் பாதியில் கிழித்தேன். அந்த அறுபத்தொன்றில் ஒன்று நான்.)

தவிர, ஸோல்வாய் இவ்வளவு சுலபமானவளா என்ற சந்தேகமும் வந்தது. விருந்தில் தெரிந்ததைச் சொல்லாத பெண்ணுக்கு நான் ஏன் நீதி வழங்கும் வேலையைக் கொடுக்கிறேன்? அவள் கேட்டாளா?

அதனால் பொதுக்குழு நடக்கவிருந்த அன்று காலை தோர்கிலை அவளிடம் அனுப்பினேன். உண்மையில் அவரே போனார். வேலிக்கு இந்தப் பக்கம் நான் முள்ளங்கி பறிப்பதாகப் பாவனை செய்துகொண்டிருந்தேன்.

8

"வா, தலைவரே. காப்பி இருக்கு. தின்ன ஒன்னும் இல்ல, பயப்படாத."

அவர் குழியோரம் உட்கார்ந்தார். நீரில் அவர் முகம் தெரிந்தது. பக்கத்தில் ஒரு தவளையும்.

"ஸோல்வாய், நான் சுத்தி வளைக்கல. சாயங்காலம் நீ எப்படி ஓட்டுப் போடுவ?"

"ரகசிய வாக்கெடுப்பு ஆச்சே. நீ கொண்டுவந்த விதி."

"எங்க எல்லாருக்கும் தோட்டம் போயிடும்."

"எனக்குப் போச்சே. ஒருமனதா."

அவள் மடியிலிருந்து ஒரு பச்சைத் தண்டை எடுத்து, ஏதோ செய்துவிட்டு நீட்டினாள்.

"எங்க உடைஞ்சிருக்கு, சொல்லு."

இந்தத் தடவை தோர்கில் அதைக் கையில் வாங்கினார். மூக்குக்கண்ணாடியை மாட்டினார். கணுக்கணுவாக மேலே போனார், கீழே வந்தார். அடிநுனியில் விரல் நின்றது.

"இங்க."

"அது கணு இல்லையே."

"இங்கதான். ஈரமா இருக்கு. இப்பதான் பறிச்சிருக்க." அவர் குரல் இறங்கியது. "எங்கேர்ந்து பறிச்ச?"

அவள் குழியைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். எதிர்ச்சுவரின் களிமண்ணில், இயந்திரத்தின் பல் தொட்ட இடத்துக்கும் கீழே, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஒரு சிறு பச்சைக் கட்டை நீட்டிக்கொண்டிருந்தது.

வேலிக்கு இந்தப் பக்கம் என் கையிலிருந்த முள்ளங்கி விழுந்தது. அந்தச் சத்தம் அவர்களுக்குக் கேட்டிருக்கும். இருவரும் திரும்பவில்லை.

"அவ்வளவு ஆழத்துக்கும்..." என்றார் தோர்கில்.

"அதுக்கும் கீழ போகுது போல. நான் இறங்கிப் பார்க்கல."

"ஏன் என்கிட்ட காட்டின?"

"நீ சரியாச் சொல்லுவன்னு நினைக்கல. நீ எப்பவும் தப்பாத்தானே சொல்லுவ."

"விதின்னா விதி, ஸோல்வாய். பார்த்ததைச் சொல்லாம இருக்க முடியாது."

"சொல்லு. எனக்கு ஓட்டு இல்லாமப் போகும். எனக்கு இல்லேன்னா யாருக்கும் இல்ல. வெளிய குடுவையோட நிக்கறவங்க உன் கம்பத்துல கொடி ஏத்துவாங்க. நல்ல உயரமான கம்பம்."

"சொல்லலேன்னா?"

"சொல்லலேன்னா நீ வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்திருப்ப. நான் ஓட்டுப் போடுவேன்."

"எந்தப் பக்கம்?"

"சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன். காப்பி ஆறுது, குடி."

அவர் குடித்தார். தண்டைத் திருப்பிக் கொடுக்காமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனார். நடையில் தெருவிளக்குப் பிரிவின் துணைத் தலைவர் தெரிந்தார்.

8, மறுபடி

எதிர்ச்சுவரில் அந்தப் பச்சைக் கட்டை உண்மையில் இருந்ததா, நான் வைத்ததா?

நேர்மையாகச் சொன்னால், அந்த வரியை வெட்டிப் பார்த்தேன். வெட்டினால் ஒன்பதாம் எண் தோட்டம் சுத்தம், தோர்கில் பொய் சொல்ல வேண்டியதில்லை, என் தோட்டத்துக்கும் ஒரு வழி பிறக்கும். வெட்டிவிட்டுத் தூங்கினேன். காலையில் இதற்கு முந்தின பத்தியில் ஒரு துண்டு முளைத்திருந்தது: "ஈரமா இருக்கு." அதையும் வெட்டினேன். ஸோல்வாயின் பேச்சில் இரண்டு இடத்தில் வந்தது. பத்தியையே தோண்டி எடுத்துவிட்டு, வேறு பத்திகளுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தேன். கதை முழுக்கப் பச்சையாகிவிட்டது.

விட்டுவிட்டேன். இருந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

9

மாலை. மண்டபம். காப்பி இருக்கிறது, யாரும் தொடவில்லை. கூட்டத்தை நடத்த வெளியூரிலிருந்து ஒரு நடுவர். மூக்கில் சளியும் கையில் கடிகாரமுமாக, சீக்கிரம் முடித்துவிட்டு ரயிலைப் பிடிக்க நினைக்கும் மனிதர். எபே வாக்குப் பெட்டியை மேசையில் வைக்கிறான். ஒரு வாக்குக்கு அவ்வளவு பெரிய பெட்டி. அறுபத்தொரு உறுப்பினர்கள் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறோம், வாக்கெடுப்பு தொடங்கும்வரை இருக்கலாம், பேசலாம், வாக்கு இல்லை. நடு நாற்காலியில் ஸோல்வாய், மடியில் கை வைத்துக்கொண்டு, ஓட்டுநர் இருக்கையில் சிவப்பு விளக்கில் காத்திருப்பவளைப்போல.

நடுவர் தொண்டையைச் செருமுகிறார். "வாக்கெடுப்புக்கு முன்னாடி ஒரே கேள்வி. ஒன்பதாம் எண் தோட்டத்தோட வாக்குரிமையில யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

தோர்கில் தலை குனிந்திருக்கிறது. சட்டைப் பையில் பச்சை நுனி ஒன்று எட்டிப் பார்க்கிறது; காலையில் பறித்தது, இன்னும் வாடவில்லை. அவர் கை மேசைக்கு அடியில். ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட கை.

அவர் அந்தக் கையை

இல்லை. இதற்கு மேல் எனக்கு அனுமதி இல்லை. முடிவால் லாபமோ நட்டமோ அடையக்கூடியவர் அறையில் இருக்கக் கூடாது. நாங்கள் பெருமைப்படும் விதி. என் தோட்டம் பத்து, மூன்று வண்டி மண், வேலியோரம் கேட்ட பேச்சு வேறு. காலையில் பார்த்தது இரண்டு பேர் மட்டும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். இந்த அறையில் கேள்வி தோர்கிலுக்கு மட்டுமா கேட்கப்பட்டிருக்கிறது?

நீங்கள் வெளியாள். உங்களிடம் அந்த மண் இல்லை என்று நம்புகிறேன். என் நாற்காலியில் உட்காருங்கள். பெட்டி அங்கே இருக்கிறது, ஸோல்வாய் அங்கே, அவர் கை மேசைக்கு அடியில்.

நான் வெளியே போய் ஜன்னலோரம், போன ஆகஸ்டில் அவள் நின்று புகைத்த அதே இடத்தில் நிற்கிறேன். அங்கிருந்து முகங்கள் தெரியும், பேச்சு கேட்காது. அவளுக்கும் கேட்டிருக்காது என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

நடுவர் இரண்டாம் முறை கேட்கிறார். கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.